கொடும்பாளூரில் கேரவன் நிறுத்திய இடம்

முதலில் காட்டும் சரக்கை எடுப்பது எங்கள் வியாபாரக் குடும்பத்தில் கிடையாது. சுற்றுலா வந்த கொடும்பாளூரில், படுக்கை வசதியுள்ள வாடகைக் கேரவனை நிறுத்தவும் அப்படித்தான் இடம் தேடினேன். முதலில் கண்மாய்க் கரையோரம் நிறுத்தியிருந்த வண்டியை, மனைவி மணிமேகலை கண்மாயில் குளிக்கப் போயிருந்தபோது, பேரம் படிந்த மாந்தோப்புக்கு மாற்றினேன். அவளிடம் சொல்ல மறந்துபோனது. அவள் போனும் வண்டியில் கிடந்தது.

பதறித் திரும்பி ஓடினால் பழைய இடத்தில் ஆளைக் காணோம். கரை முழுக்கக் கூப்பிட்டுவிட்டுத் தோப்புக்கு வந்தேன். வண்டி வாசலில் அவள் தலை துவட்டிக்கொண்டிருந்தாள். போன உயிர் திரும்பியது.

“எப்படிடி வந்த?”

“நீங்கதான கூட்டியாந்தீங்க. வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல, எனக்கும் நிம்மதியா இருந்துச்சு. இப்பத்தான உள்ள போய்ப் படுத்தீங்க, அதுக்குள்ள எங்கிட்டுப் போயிட்டு வாரீங்க?”

உள்ளே குறட்டை கேட்டது. அவள் வருஷக்கணக்காகத் திட்டும் என்னுடைய அதே குறட்டை. ஆள் கிடைத்ததே போதுமென்று நான் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன்.