துண்டுக்குள் விலை

வலம்புரிச் சங்குக்கு விலையே கிடையாது என்பார்கள். ராஜதுரை ஏழரை லட்சம் என்றார்.

வாயால் சொல்லவில்லை. துண்டுக்குள் கையை விட்டு, பக்கத்துப் படுக்கை இனிகோவின் ஐந்து விரல்களையும் சேர்த்து ஒரு பிடி பிடித்தார். பிறகு இரண்டு விரல். பிறகு ஒரு விரலின் பாதியில் ஒரு கிள்ளு. ஆக ஏழரை.

இருவரும் தூத்துக்குடியில் சங்கு வாங்கி விற்றே நரைத்தவர்கள். பெரிய சரக்குக்கு வாயால் விலை பேசுவது அவர்களுக்குக் கூச்சம். அதிலும் டயாலிசிஸ் வார்டில் எட்டுப் படுக்கை, பதினாறு காது.

ராஜதுரைக்கு ஊசி இடது கையில், இனிகோவுக்கு வலது கையில். சும்மா கிடந்த கைகள் இரண்டும் அருகருகே அமைந்துவிட்டன. இவருடைய சாமியும் அவருடைய மாதாவும் சிறுநீரகத்தை எடுத்துக்கொண்டாலும் வியாபாரத்துக்கு வழி விட்டிருந்தார்கள்.

இனிகோவிடம் வாங்கிக்கொள்ளக் கல்கத்தாவில் ஆள் தயார். நாலுக்கு மேல் கொடுக்க மனசு தயாரில்லை. மாதக்கணக்கில் இழுக்கிறது.

அன்றைக்கும் ஊசி குத்தும்போது டெல்பின் சிஸ்டர் தன் பல்லவியை எடுத்தார்.

"கிட்னி போனா ரத்தக்குழாயும் கெட்டுப்போவும் அண்ணாச்சி. மத்தவங்களைவிட உங்களுக்குப் பக்கவாதம் வர வாய்ப்பு பல மடங்கு. மிஷின்ல கிடக்கும்போதே வரும். வாய் கோணினா, கை தொய்ஞ்சா, பேச்சு குழறினா, அந்த நிமிசமே கூப்பிடணும். ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பாத்துக்கிடுங்க."

"ஒண்ணு வாங்கினா ஒண்ணு இலவசமோ? இதுக்கும் ஆடித் தள்ளுபடி போட்டுட்டாங்களா?" என்றார் ராஜதுரை. "நல்ல ஆளைக் காவலுக்கு வச்ச போ. இவரு என் சங்கையில்லா பாத்துக்கிட்டிருக்காரு."

"சங்கு உங்க பீரோவுக்குள்ள கிடக்கு. நான் உங்க மூஞ்சியத்தான் பாக்கேன் அண்ணாச்சி. விலை அதுலதான எழுதிருக்கு."

சிஸ்டர் கடைசிப் படுக்கைக்குப் போனார். இருவர் கைமேலும் துண்டு விழுந்தது.

இனிகோ நாலு விரலைப் பிடித்தார். பதிலுக்கு ராஜதுரையின் கை ஐந்தையும் பற்றியது. அடுத்து இரண்டு வரும். அதற்கப்புறம் அந்தப் பாழாய்ப்போன அரை வரும். இனிகோ காத்திருந்தார்.

வரவில்லை.

ஐந்துதான். இத்தனை மாதமும் ஒரு பைசா இறங்காத மனுஷன், ஒரே மூச்சில் இரண்டரையை விட்டுவிட்டார்.

இனிகோ முகத்தில் எதையும் காட்டவில்லை. பல்லைக் காட்டினால் விலை ஏறும்.

சற்று நேரத்தில் அந்தப் பிடியிலிருந்து இனிகோவின் சுண்டுவிரல் விடுபட்டது. நாலு.

கேட்ட விலைக்கே வந்தாயிற்று. வேறு யாராவது என்றால் அங்கேயே கையைக் குலுக்கி முடித்திருப்பார்கள். இனிகோ வியாபாரி. இறங்குகிற விலையைக் குறுக்கே போய் நிறுத்துவானேன்? அது எங்கே போய் நிற்கிறது என்றுதான் பார்க்க வேண்டும்.

மோதிரவிரலும் விடுபட்டது. மூன்று.

ராஜதுரையின் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. மட்டமான விலை கேட்டால் அவர் காட்டுகிற கோணல்தான். இப்போது மட்டமான விலை சொல்வது அவரேதான் என்பது கொஞ்சம் இடித்தது. இருந்தாலும் நல்ல சரக்கு கைவிட்டுப் போகிறவருக்குக் கசக்காதா என்ன? இனிகோ மின்விசிறியைப் பார்த்துக்கொண்டார்.

ராஜதுரை என்னவோ சொன்னார். வார்த்தையாகத் தேறவில்லை. துண்டு கிடக்கும்போது வாயைத் திறப்பவன் தோற்றவன். இனிகோவுக்குக் காது கேட்கவில்லை.

இரண்டு.

டெல்பின் சிஸ்டர் கூப்பிடு தூரத்தில்தான் இருந்தார். இனிகோ கூப்பிடவில்லை.

ஒன்று.

பிறகு அந்தக் கை எந்த விரலையும் பிடிக்காமல், கரையில் தூக்கிப் போட்ட கணவாய் மீன் மாதிரி அவர் உள்ளங்கையில் கிடந்தது.

விரலே பிடிக்காமல் துண்டுக்குள் விலை கிடையாது. அப்போதுதான் இனிகோ திரும்பி, தான் பார்ப்பதாகச் சொன்ன அந்த முகத்தைப் பார்த்தார்.

அவர் போட்ட கூச்சலில் வார்டே எழுந்தது.

ஓடிவந்த டாக்டர், எப்போது தொடங்கியது என்று கேட்டார்.

"இப்பத்தான் சார். இந்த நிமிசந்தான்."

அங்கேயும் கால் மணி நேரத்தைக் குறைத்துத்தான் சொன்னார்.

ஒரு மாதம் கழித்து ராஜதுரை அதே படுக்கைக்கு வந்தார். வலது கை போயிருந்தது, பேச்சும் போயிருந்தது. ஆளுக்கு எதுவும் நினைவில்லை என்று பஜாரில் பேசிக்கொண்டார்கள். அது இனிகோவுக்குக் கொஞ்சம் நிம்மதி.

ஊசி குத்துவதற்கு முன்பே போய், இடது பக்கமாக முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். மனசாட்சி ஏழரை கேட்டிருந்தது. அதனிடமும் பேசி ஆறுக்குக் கொண்டுவந்திருந்தார்.

ராஜதுரை இடது கையால் தோளிலிருந்த துண்டை மெல்ல இழுத்தார். இருவர் கைமேலும் போட்டார்.

ஐந்து விரலுக்கும் ஒரு பிடி. கிழவர் பிடியா அது, கிடுக்கி.

பிறகு இரண்டு விரல்.

இனிகோ அந்த அரைக்காகக் காத்திருந்தார். வந்தது அரை இல்லை, முழு விரல்.

மேலே அரை எதற்கு என்று கேட்க வாயைத் திறந்தார். கோணிப்போன வாய்க்கு மேலே இரண்டு கண்களும் நேராக இவரையே பார்த்துக்கொண்டிருந்தன. இனிகோ வாயை மூடிக்கொண்டார்.

சங்குக்கு ஏழரை. கால் மணி நேரத்துக்கு அரை. ஆக மொத்தம் எட்டு.