கால்பங்குத் தண்ணீர்

குளம் வற்றிக்கொண்டிருந்தது. எருமைகள் தங்கள் தண்ணீரில் பாதியைத் தலைப்பிரட்டைகளின் குழிக்கு விடவேண்டும் என்று இரண்டு தவளைகள் சேர்ந்து கேட்டன.

"கால்பங்கு தர்றோம். ரெண்டு பேரும் சம்மதிச்சா இன்னிக்கே" என்றது மூத்த எருமை.

"வாங்கிக்கலாம் அண்ணே, பிள்ளைங்க முதல்ல பிழைக்கட்டும்" என்றது பச்சைத்தவளை.

"கால்பங்குக்கா இத்தனை நாள் கத்தினோம்? எருமை உன்னை முதுகுல ஏத்திக்கிச்சா?" என்றது சொறித்தவளை.

"உங்க கொள்கையைக் குழியில ஊத்துங்க, பிள்ளைங்க நீந்துதான்னு பார்ப்போம்."

சண்டை முற்றி, இரண்டு தவளைகளும் மூன்று நாள் விடாமல் கத்தின.

எருமை காதை ஆட்டிக் கேட்டது. "தவளைங்க இப்படிக் கத்துனா மழை நிச்சயம். இனி எதுக்கு மிச்சம் வைக்கணும்?" என்று அடிச்சேறு தெரியும்வரை குடித்தது.

மறுநாள் குழி காய்ந்தது. அதிலிருந்த யாருக்கும் கத்தும் வயது இன்னும் வந்திருக்கவில்லை.