ஹம்சா கட்டிய ஊர்

“கிட்டப் போய் மூச்சு விட்டுடாதீங்கோ மாமி, மரமெல்லாம் சாஞ்சுடும்” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

மாடி வீட்டுக் காமாக்ஷி மாமி புடவைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குனிந்தாள். மயிலாப்பூரில் அன்று மட்டும் ஏழெட்டு கொலு பார்த்துவிட்டு வந்தவள். எந்த வீட்டிலும் படிகளை ஒரு பார்வை பார்த்து, சுண்டலை வாங்கிக்கொண்டு நடையைக் கட்டிவிடுவாள். இங்கே படிகளை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை.

படிகளுக்குக் கீழே, தரையில் ஒரு முழு ஊர் இருந்தது. களிமண்ணில் ஒரு மலை. அதிலிருந்து இறங்கி வரும் சாலை. நீலத் தாளில் ஆறு, அதன்மேல் ஐஸ் குச்சிப் பாலம். கொத்தமல்லித் தழையில் தோப்பு. அட்டை வீடுகளின் ஜன்னல் வழியே பார்த்தால் உள்ளே மாடிப்படிகூடத் தெரிந்தது.

“இதெல்லாம் ஹம்சாவா பண்ணினா? ஏழு வயசுக் குழந்தையா?”

“நான் அட்டை வெட்டிக் குடுத்ததோட சரி. எதையும் பாத்துப் பண்ணலை மாமி, எல்லாம் மனசுலேர்ந்துதான். பெருக்கறச்சே ஒரு வீடு கொஞ்சம் நகந்துடுத்து. பாத்த உடனே ‘இது இங்க இல்லைம்மா’ன்னு திரும்பப் பழைய இடத்துலயே வெச்சுட்டா.”

மாமிக்கு மெய்சிலிர்த்தது. “போன ஜென்மத்துல வாழ்ந்த ஊரா இருக்கும்டி” என்றாள்.

ஸ்ரீரஞ்சனிக்கும் அப்படி நம்ப ஆசைதான். ஆனால் அவள் காத்திருந்தது மாமிக்காக இல்லை. ஹம்சாவின் வகுப்பு ஆசிரியை ஷீலாவுக்காக.

சாப்பிட அடம் பிடித்த பெண்ணிடம் அப்பா ராகவேந்திரன் போனைக் கொடுக்கப் போக, அவள் அதில் ஒரு துப்பாக்கி விளையாட்டைப் பிடித்துக்கொண்டாள். சாப்பாடு இறங்கியது, கூடவே வேறு என்னவோவும் உள்ளே இறங்கிவிட்டது. வகுப்பில் பக்கத்துப் பிள்ளையின் கையில் பென்சிலால் குத்திவிட்டாள். பூஜை விடுமுறை முடிவதற்குள் மாற்றம் தெரியாவிட்டால் வேறு பள்ளி பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். போன் பீரோவுக்குள் போய்விட்டது. கையால் ஏதாவது செய்யப் பழக்குங்கள் என்று அடையாறில் ஒரு ஆலோசகர் சொன்னார். பழக்கியதன் பலன்தான் இந்த ஊர்.

ஷீலா வந்தார். செருப்பைக் கழற்றும்போது முகத்தில் இருந்த கண்டிப்பு, ஊரைப் பார்த்ததும் எங்கோ போய்விட்டது. மண்டி போட்டு உட்கார்ந்தார்.

“மிஸ், இப்படிப் படுத்துண்டு பாருங்கோ” என்றாள் ஹம்சா. “மலை மேலேர்ந்து பாத்தா எல்லா வாசலும் தெரியும்.”

கட்டியிருந்த பட்டுப்புடவை கசங்குவதைப் பற்றிக் கவலைப்படாமல் ஷீலா கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தார். உண்மைதான். ஒரு வாசல்கூட மறையவில்லை. பாலம், தோப்பு, சாலை வளைவு எல்லாம் கண்ணுக்கு நேரே விரிந்தன. எழுந்தபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

“இத்தனை வருஷ சர்வீஸ்ல இப்படி ஒரு பொறுமையை நான் பாத்ததில்லைங்க. எவ்வளவு நுணுக்கம். பென்சிலால குத்தின குழந்தையா இதுன்னு இருக்கு” என்றார்.

“போனைப் பத்திக் கேக்கறதே இல்லை மிஸ். அந்த கேமை மறந்தே போயிட்டா” என்றாள் ஸ்ரீரஞ்சனி.

“திங்கக்கிழமை ஸ்கூலுக்கு அனுப்பிடுங்க. பிரின்சிபால்கிட்ட நான் பேசிக்கறேன்.”

ஸ்ரீரஞ்சனிக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. வெற்றிலை பாக்கும் சுண்டலும் எடுத்துக் கொடுத்தாள். காமாக்ஷி மாமி குழந்தைக்குத் திருஷ்டி கழித்து நெட்டி முறித்தாள்.

வாசல் வரை போன ஷீலா, மனசு கேட்காமல் இன்னொரு முறை பார்க்கத் திரும்பி வந்தார். “எல்லாமே இருக்குடா கண்ணா, ஊர்ல ஒரு ஆளைக் கூடக் காணோமே? எல்லாரும் கொலு பாக்கப் போயிட்டாங்களா?” என்று சிரித்தார்.

“இல்ல மிஸ், இங்கதான் இருக்கா” என்று ஹம்சா கொலுப்படியில் தொங்கிய வேட்டியைத் தூக்கிக் காட்டினாள். செட்டியார், செட்டிச்சி, கல்யாண கோஷ்டி, பேண்டு வாத்தியக்காரர்கள் எல்லாரும் அங்கே வரிசையாகக் குப்புறக் கிடந்தார்கள்.

“ஒருத்தர் பாக்கியில்லாம சுட்டுட்டேன் மிஸ். நான்தான் ஜெயிச்சேன்.”