நானூற்றுப் பன்னிரண்டு பேய்கள்

என்னைப் பயமுறுத்தக்கூடிய திரை இந்த உலகத்தில் இன்னும் தயாராகவில்லை.

இதை அடக்கத்தோடுதான் சொல்கிறேன். பேய்ப் படம், மர்மப் படம், எதற்கென்றே தெரியாமல் எல்லோரும் செத்துப்போகிற படம் என்று மொத்தம் நானூற்றுப் பன்னிரண்டு பார்த்திருக்கிறேன். வகுப்புக்கு வராததற்கு அதுதான் காரணம் என்று துறைத் தலைவருக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன்.

அன்று என் எதிரில் இருந்தது நானூற்றுப் பதிமூன்றாவது.

கறுப்பு வெள்ளை. சுவரில் மாட்டியிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்கு ஜன்னலெல்லாம் திரைச்சீலை இழுத்து இருட்டாக்கிய ஸ்கேன் அறை. கட்டிலில் அக்கா. அவள் வயிற்றில் ஜெல் தடவி, டாக்டரம்மா கருவியை மெதுவாக நகர்த்திக்கொண்டிருந்தார்.

பதினோராவது வாரம்.

இதற்கு முன் இரண்டு தடவை அக்கா இதே கட்டிலில் படுத்திருக்கிறாள். இரண்டு தடவையும் மாமா உடன் இருந்தார். இரண்டு தடவையும், துடிப்பு இல்லை என்று டாக்டரம்மா வாயைத் திறப்பதற்குள் மாமாவின் முகம் சொல்லிவிட்டது.

அதனால் இந்தத் தடவை மாமா வெளியே.

"அவர் மூஞ்சி டிரெய்லர்டா, க்ளைமாக்ஸையும் சேத்துக் காட்டிடும். நீ வா. உனக்குத்தான் எதுக்கும் பயமே கிடையாதே," என்றாள் அக்கா.

என் வாய்தான் என்னை அங்கே கொண்டுபோய் உட்கார வைத்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் மாமாவின் ஷூ நடந்தது. திரும்பியது. நடந்தது.

அக்கா கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள்.

எங்கள் வீட்டில் படம் பார்க்கும் முறையே இதுதான். நான் திரையைப் பார்ப்பேன். அவள் முகத்தைப் பொத்திக்கொண்டு "என்னடா ஆகுது, என்னடா ஆகுது" என்று என் சட்டையைப் பிடித்து இழுப்பாள். "ஒண்ணும் இல்லக்கா, கண்ணத் தொற" என்பேன். திறப்பாள். திரை முழுக்கப் பேய் நிற்கும். பத்து வருடமாக ஒரே வரியில் ஏமாறுகிறவள் அவள்.

விரலிடுக்கில் படம் பார்க்கிறவர்களுக்கு அரை டிக்கெட் போதும் என்று கல்லூரிச் சுவரிதழில் கட்டுரையே எழுதினேன்.

அதில் வேறு சில கண்டுபிடிப்புகளும் உண்டு. ஜப்பானியப் பேய்க்கு அவசரமே கிடையாது. ஒரு மாடி இறங்க முக்கால் மணி நேரம் எடுத்துக்கொள்ளும். கொரியப் பேய் வரும்போதே ஒரு குடும்பத் தகராறையும் கையோடு கூட்டி வரும். தாய்லாந்துப் பேய் முதலில் சிரிக்க வைக்கும்; அதை மன்னிக்கவே கூடாது. திடீரென்று சத்தம் போட்டுத் துள்ள வைப்பது பயமே அல்ல, வெறும் காதுவலி. நிஜமான பயம் அமைதியில்தான் இருக்கிறது. நகர்ந்துகொண்டிருந்த கேமரா ஓர் இடத்தில் சும்மா நின்றுவிட்டால், தெரிந்துகொள்ளுங்கள், அங்கேதான் இருக்கிறது.

டாக்டரம்மாவின் கை நின்றது.

அதுவரை தண்ணீர் குடித்தீர்களா, வாந்தி எப்படி என்று பேசிக்கொண்டே இருந்தவர் பேச்சையும் நிறுத்தினார். தன் பக்கத்துத் திரைக்கு அருகே குனிந்தார். ஒரு பொத்தானை அழுத்தினார். மறுபடியும் அழுத்தினார்.

சுவரில் சாம்பல் புள்ளிகள். நடுவே கறுப்பாக ஒரு குழி. குழிக்குள் கட்டைவிரல் அளவில் ஏதோ வெளுப்பாக.

அது அசைகிறதா? என் கால்தான் ஆடிக்கொண்டிருந்தது. காலைப் பிடித்து நிறுத்தினேன்.

"டேய், என்னடா தெரியுது?"

பத்து வருடப் பழக்கம். வழக்கமான பதில் உதடுவரை வந்துவிட்டது. பல்லைக் கடித்து உள்ளேயே நிறுத்தினேன்.

"சொல்லுடா."

ஷூ நடந்தது. திரும்பியது.

நானூற்றுப் பன்னிரண்டு படங்களில் ஒன்றில்கூட என் அக்கா நடித்ததில்லை.

திரை இருண்டது.

இருட்டுக்குள் டாக்டரம்மாவின் நாற்காலி கிறீச்சிட்டது. எதையோ திருகினார். கரகரவென்று ஓர் இரைச்சல். அப்புறம் அதுவும் இல்லை.

அப்புறம் வந்தது.

சின்னக் கால்கள் மாடிப்படியில் தடதடவென்று ஓடி வருகிற சத்தம். ஆளில்லாத வீட்டில் அந்தச் சத்தம் கேட்டால் என்ன அர்த்தம் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யாரும் இல்லை. எந்த நாட்டுப் படமானாலும் அது கெட்ட செய்தி.

நாற்காலியோடு சேர்ந்து துள்ளினேன். வெறும் காதுவலி.

அது ஓடிக்கொண்டே இருந்தது. படி முடியவில்லை. மூச்சு வாங்கவில்லை.

வெளியே ஷூ நின்றது.

"நூத்தி அறுபத்தஞ்சு. துடிப்பு நல்லா இருக்கும்மா," என்றார் டாக்டரம்மா. கொஞ்சம் பொறுத்து, "தம்பிக்கு என்ன ஆச்சு?" என்றார்.

அக்கா மூக்கை உறிஞ்சுவதும் சிரிப்பதும் ஒன்றாகக் கேட்டது.

"ஒண்ணும் இல்லடா. கைய எடு, கண்ணத் தொற."

அந்த வரியை எத்தனை தடவை சொல்லியிருப்பேன். அதை நம்பவே கூடாது என்று தெரிந்தவன் நான்.

கையை எடுக்கவில்லை.

விரல்களை மட்டும் கொஞ்சம் விலக்கினேன்.