மூன்று வேலை

மணி பத்து இருபது. அவனியாபுரம் பேச்சுப் பயிற்சி மையத்தில் ஐந்து வயது பவதாரிணிக்கு அது எட்டாவது வகுப்பு. அப்பா, அம்மாவோடு குட்டித் தம்பியும் வந்திருந்தான்.

"பவி, செவப்புப் பந்த டப்பால போடு. அப்புறம் கரண்டிய எடுத்து எங்கிட்டக் குடு" என்றாள் பயிற்சி தரும் சுஃபியா.

பவி பந்தை டப்பாவில் போட்டாள். கரண்டியை மறந்து நின்றாள்.

"பாத்தீங்கள்ல மேடம்? ரெண்டு வேலை சேத்துச் சொன்னா மண்டையில ஏறாது" என்றான் அவளுடைய அப்பா பாண்டிராஜ். "எல்லாம் இவ வளத்த லட்சணம்."

"மெதுவாப் பேசுங்க" என்றாள் மனைவி செல்லக்கிளி.

"என்னையே மெதுவாப் பேசச் சொல்றியா?"

நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான்.

செல்லக்கிளி அவன் மேலிருந்து கண்ணை எடுக்காமல், தணிந்த குரலில் சொன்னாள். "பவி, தம்பி கையப் புடி. உள் ரூமுக்குப் போ. தாப்பாளப் போடு."

பவி தம்பியின் கையைப் பிடித்தாள். உள் அறைக்குப் போனாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

சுஃபியா எழுந்து கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் நின்றாள்.

"மூணு வேலை, ஒரே தடவை சொன்னதும் வரிசையாச் செஞ்சுட்டா. இம்புட்டு நல்லா இத யாருக்காகப் பழகி வச்சிருக்கா, சார்?"