காரணமில்லாத குழாய்

“எந்தக் காரணமும் இல்லீங்களா? நெஜமாவே?”

குணசுந்தரி இப்படிக் கேட்டதும் சடையப்பன் மேஸ்திரி குழம்பிப் போனார்.

என்றோ ஆரணியில் தான் போட்ட ஒரு குழாயைப் பற்றி விசாரிக்க, மெட்ராஸிலிருந்து ஒரு பெண் பஸ் மாறி பஸ் ஏறி தேவிகாபுரம் வந்திருக்கிறாள். ஏதோ ஆராய்ச்சிப் படிப்பாம். அது சரி. ஆனால் காரணம் எதுவும் இருக்கக் கூடாது என்று ஏன் இவ்வளவு தவிக்கிறாள்?

அவள் தவிப்பு அவளுக்குத்தான் தெரியும்.

ஆரணியில் அடுத்தடுத்து இரண்டு தெருக்கள். இரண்டிலும் வீட்டுக்கு வீடு பட்டுத் தறி. புளியமரத் தெருவுக்கு எழுபத்து நான்கில் குடிநீர்க் குழாய் வந்தது. சாவடித் தெருவுக்கு எண்பதில்தான் வந்தது.

அதற்குள் புளியமரத் தெருப் பெண்பிள்ளைகள் எட்டாவது, பத்தாவது என்று போய்விட்டார்கள். சாவடித் தெருப் பிள்ளைகள் குடத்தோடு கிணற்றடியில் நின்றார்கள்.

குணசுந்தரி வீடு வீடாக ஏறி இறங்கினாள். கேட்டதையெல்லாம் அட்டைகளில் துளையிட்டு, பல்கலைக்கழகக் கம்ப்யூட்டர் அறையில் கொடுத்துவிட்டுக் காத்திருந்தாள். விடை வந்தது. தண்ணீர் வந்தால் பெண்கள் படிக்கிறார்கள்!

காகிதச் சுருளைத் தூக்கிக்கொண்டு பேராசிரியரிடம் ஓடினாள்.

அவர் நிதானமாகப் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார். அந்தத் தெருவுக்கு மட்டும் ஏன் முதலில்?

படித்தவர்களும் செல்வாக்குள்ளவர்களும் அந்தத் தெருவில் இருந்திருந்தால் குழாயையும் அவர்களே கொண்டுவந்திருப்பார்கள், பெண்ணையும் அவர்களே பள்ளிக்கு அனுப்பியிருப்பார்கள். தண்ணீர் சும்மா பக்கத்தில் நடந்து வந்ததாக இருக்கும். கூட வருகிறவன் எல்லாம் கூட்டி வருகிறவன் இல்லையம்மா என்றார்.

அன்றிலிருந்து காரணம் என்ற சொல்லே அவளுக்குப் பகையாகிவிட்டது. நல்ல காரணம் ஒன்று கிடைத்துவிட்டால் இரண்டு வருட உழைப்பு அத்தோடு போச்சு.

ஆரணியில் ஆளுக்கொரு காரணம் வைத்திருந்தார்கள். கவுன்சிலருக்கு அங்கே சம்பந்தி வீடு என்றார் ஒருவர். போய்ப் பார்த்தால் சம்பந்தி வீடு வேறு தெருவில் இருந்தது. அந்தத் தெரு பள்ளம், தண்ணீர் தானாக ஓடும் என்றார் இன்னொருவர். நடந்து பார்த்தாள். இரண்டும் ஒரே மட்டம். ஒவ்வொரு காரணம் பொய்யாகும்போதும் அவளுக்கு மூச்சு திரும்பி வந்தது.

மிச்சம் இருந்தவர் குழாயைப் போட்ட இந்த மேஸ்திரி ஒருவர்தான்.

சடையப்பன் தொண்டையைச் செருமினார். நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, குரலைத் தணித்துச் சொன்னார்.

லாரியில் வந்த குழாய் ஒரு தெருவுக்குத்தான் பற்றும். எதில் வேண்டுமானாலும் போடு, என்னைக் கேட்காதே என்று காண்டிராக்டர் போய்விட்டார். இரண்டு தெரு ஜனமும் லாரியைச் சுற்றிக்கொண்டது.

“ஒரே பேஜாராப் பூட்ச்சி பாப்பா. நானும் தங்கவேலும் லாரிக்குப் பின்னால போயி நாலணாவ சுண்டிப் பாத்தோம். தலை உழுந்தா புளியமரம், பூ உழுந்தா சாவடி. தலை உழுந்துச்சி. வெளிய சொன்னா ஒதைப்பானுங்கோ, அதான் இஞ்சினியர் உத்தரவுன்னுட்டேன்.”

குணசுந்தரி எழுந்த வேகத்தில் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

நாலணா! அதற்கு யார் படித்தவர், யார் செல்வாக்குள்ளவர் என்று என்ன தெரியும்? வயலைப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, சீட்டுக் குலுக்கி உரம் போட்டு, எது விளைகிறது என்று பார்ப்பார்கள் என்று வகுப்பில் படித்திருக்கிறாள். மனிதர்கள் வாழும் தெருக்களில் யார் அப்படிச் செய்வார்கள் என்று ஏங்கியும் இருக்கிறாள். இதோ, ஒரு மேஸ்திரி லாரிக்குப் பின்னால் நின்று செய்து முடித்திருக்கிறார்!

அவர் கைகள் இரண்டையும் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பெட்டிஷன் எழுத வந்தவளோ என்று பயந்துகொண்டிருந்த சடையப்பனும் ஒன்றும் புரியாமல் சேர்ந்து சிரித்தார்.

சிரிப்பு அடங்கும்போதுதான் பேராசிரியரின் முகம் நினைவுக்கு வந்தது. மேஸ்திரி சொல்கிறார், சரி. வேண்டியவர்களுக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு, காசு சுண்டினேன் என்று கதை விட்டால்?

தங்கவேலுவைப் பார்க்கலாமா என்று கேட்டாள். அவர் செத்து வருஷமாகிறது என்றார் சடையப்பன்.

அவள் விழுந்த நாற்காலியை மெல்ல நிமிர்த்தி வைத்தாள்.

அப்போது சமையல்கட்டு வாசலில் டம்ளர் ஒன்று ணங்கென்று தரையில் விழுந்து உருண்டது. சடையப்பனின் மனைவி காசியம்மாள் காபித் தட்டோடு நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாளோ.

“யோவ்! இஞ்சினியர் உத்தரவுன்னு எங்கம்மா தலைல அடிச்சி சத்தியம் பண்ணியே! எங்கம்மா வூடு சாவடித் தெருவுல இருக்கசொல்ல, நீ காசு சுண்டியா வுட்ட? ஆறு வருசம் கொடம் தூக்கினு கெடந்திச்சே அது!”

சடையப்பன் ஆரணி இருக்கும் திசையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

பாவப்பட வேண்டிய நேரம் அது. குணசுந்தரிக்கோ உடம்பெல்லாம் சிலிர்த்தது. வேண்டியவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிற மனிதன் மாமியார் தெருவையா விட்டுவிடுவான்?

ஓடிப்போய்க் காசியம்மாளின் கையிலிருந்த தட்டை வாங்கிக் கீழே வைத்தாள். பேனாவைத் திறந்தாள்.

“அம்மா, அவர இன்னொரு தடவ அதே மாதிரி திட்டுங்கம்மா. கொஞ்சம் மெதுவா. எழுதிக்கிறேன்.”