மணல்பள்ளம்

அலுவலகக் கோல்ஃப் போட்டியின் கடைசிக் குழி. இருவரும் சரிசமம். மேலாளர் கையெழுத்துப் போட்டால்தான் புதிய கணக்கருக்கு வேலை நிரந்தரம். அவரைப் போய் ஜெயிக்கலாமா?

மேலாளர் தட்டிய பந்து குழியைத் தாண்டி உருண்டு மணல்பள்ளத்தில் விழுந்தது.

"மணல்ல இறங்காதீங்க சார். ஒரு அடி தண்டனையா சேர்த்துக்கிட்டு, முன்னாடி தட்டின இடத்துலேர்ந்தே மறுபடி தட்டலாம். விதி இருக்கு."

"எனக்கே பாடமா? விழுந்த இடத்துலேர்ந்தே அடிக்கிறேன்யா."

ஐந்து முறை மணலை வாரி இறைத்த பிறகே பந்தைக் குழியில் சேர்த்தார்.

கணக்கர் எப்படியாவது தோற்றாக வேண்டுமே. தன் பந்தை வேண்டுமென்றே ஓங்கித் தட்டி மணலுக்கு அனுப்பிவிட்டு, பின்னாலேயே இறங்கப் போனார்.

மேலாளர் கையைப் பிடித்து நிறுத்தினார். "எங்கய்யா போறே? விதி உனக்கில்லையா? தண்டனையைச் சேர்த்துக்கிட்டு முன்னாடி தட்டின இடத்துலேர்ந்தே தட்டு."

மறுக்க முடியுமா? கண்ணை மூடிக்கொண்டு கோணலாகத் தட்டினார். பந்து சரிவில் வளைந்து, நல்ல பிள்ளையாகக் குழிக்குள் விழுந்தது.

"சார், மன்னிச்சிடுங்க..."

"எதுக்குப்பா? நாளைக்கே கையெழுத்துப் போடறேன். நம்ம ஆபீஸ் போட்டியில ஜெயிக்கிறவர்தான் வருஷம் பூரா ஞாயித்துக்கிழமை முதலாளிக்கு ஆட்டத்துல ஜோடி. அவர் தப்பா அடிச்சாலும் திட்டு ஜோடிக்குத்தான்." மேலாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "மூணு வருஷமா எல்லாரும் என்கிட்ட தோத்தே என்னைக் கொன்னுட்டாங்கய்யா!"